கைப்பிடி இல்லாத கதவு

சென்ற வாரம், தம் மனைவியின் அக்கா கேட்ட கேள்விக்குக் கல்தச்சர் தலையை அசைத்தார். வாயைத் திறந்து ‘சரி’ என்று சொல்லவில்லை. தலை மட்டுந்தான் அசைந்தது. குடும்பங்களில் பெரிய காரியங்கள் பல வாயால் முடிவாவதில்லை, தலையால்தான் முடிவாகின்றன. அந்த ஒரு தலையசைப்பின் பலன், இன்று மாலை நான்கு மணிப் பேருந்தில் இரண்டு இருக்கைகள்.

அவர் மனைவி கண்ணை மூடி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கல்லறைமேல் பலகைக்கல்லைப் பதிக்க வேண்டும். நான்கு மணிக்கு, ஆறு வயது மகளைப் பெரியம்மா தம் ஊருக்கு அழைத்துப் போய்விடுவார். இனி அங்கேதான் பள்ளி, அங்கேதான் வளர்ப்பு. தாயை மூடுவதும் மகளை அனுப்புவதும் ஒரே நாளில் அமைந்துவிட்டன.

பெரியம்மா பொல்லாதவர் அல்லர். மருத்துவமனை ஒன்றில் தலைமைச் செவிலியர், மணம் செய்துகொள்ளாதவர், தாயற்ற தங்கையைத் தம் இடுப்பிலேயே சுமந்து வளர்த்தவர். படுக்கைவிரிப்பின் நான்கு மூலையும் ஒன்றுபோல மடிந்திராவிட்டால் அவருக்கு உறக்கம் வராது. ஞாயிறுதோறும் முதல் மணி அடிக்குமுன்பே ஆலயத்தில் இருப்பார். ஒரே ஒரு விந்தைப் பழக்கம் உண்டு: கடந்த ஓராண்டாகத் தம் கைப்பேசியின் மணியோசையை அவர் தணிப்பதே இல்லை. செபவேளையில் அது அலறி, நாலு பேர் திரும்பிப் பார்த்தாலும் கவலைப்படுவதில்லை.

“நீங்க மூச்சு விடறீங்க தம்பி, அவ்வளவுதான். வாழறது வேற. அந்தக் குழந்தை யாரைப் பார்த்து வாழக் கத்துக்கும்?” என்று அவர் கேட்டதற்குத்தான் சென்ற வாரத்துத் தலையசைப்பு. மறுத்துப் பேசக் கல்தச்சரிடம் ஒன்றும் இல்லை.

இன்று காலை, வீட்டில் மறைந்திருந்த ஒன்றைக் காட்டிக்கொடுத்தவை எறும்புகள்.

மகளின் துணிகளை அடுக்குவதற்காகப் பெரியம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். அதன் பின்னாலிருந்து சாரை சாரையாக எறும்புகள் வந்தன. தொடர்ந்து போய்ப் பார்த்தால், சுவரோரம் ஒரு துணிப்பை. அதற்குள் தங்கையின் நீலநிற ரப்பர்ச் செருப்பு, குதிகால் பக்கம் தேய்ந்தபடி. பல் உடைந்த சீப்பு. பழுப்புக் கம்பளிச் சட்டை. பிரித்து மீண்டும் மடித்து வைத்த பிஸ்கட் பொட்டலம். எறும்புகள் பிஸ்கட்டுக்கு வந்தவை.

பெரியம்மா செருப்பைக் கையில் எடுத்தார். எடுத்த வேகத்திலேயே கீழே வைத்தார். பிறகு, வார்டில் வேளை தவறிய ஊழியரை விசாரிக்கும் குரலில், இவையெல்லாம் என்ன என்று குழந்தையைக் கேட்டார்.

குழந்தைக்குத் தும்பி என்று பெயர். பிறந்தபோது உடம்பைவிடக் கண் பெரிதாக இருந்ததால் அவள் தாய் வைத்த செல்லப்பெயர் அது. பள்ளிப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுக்கு வேறு பெயர் வழங்கியதில்லை.

“அம்மா எழுந்திருக்கிற அன்னைக்கு வேணும்ல, அதான்,” என்றாள் தும்பி. மண்ணுக்குள் குளிருமாம், அதற்குக் கம்பளிச் சட்டை. வெகுநேரம் படுத்திருந்தால் தலை கலைந்திருக்குமாம், அதற்குச் சீப்பு. செருப்பு இல்லாமல் வீடு வரைக்கும் எப்படி நடப்பது? பிஸ்கட்டை மட்டும் மாதம் ஒருமுறை மாற்றுவது வழக்கமாம். இந்த மாதம் மறந்துபோயிற்றாம். அதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

பெரியம்மா அவளைப் பல் துலக்க அனுப்பிவிட்டுக் கல்தச்சரிடம் வந்தார். பையை அவர்முன் வைத்தார்.

“இதைத்தான் சொன்னேன். தாய் இல்லாத பிள்ளையைத் தனியா விட்டா மனசு இப்படித்தான் கற்பனையில ஓடும். நீங்க எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா, தம்பி?”

“என்னன்னு சொல்றது அக்கா?”

“அவ வரமாட்டான்னு.”

கல்தச்சர் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “வருவாங்கன்னு நான் சொல்லிக் கொடுக்கல. செத்தவங்க எழுந்திருப்பாங்கன்னு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துல சொல்றாங்க. வாரம் தவறாம நீங்களும் எழுந்து நின்னு சொல்றீங்க. நாமெல்லாம் சொல்றோம் அக்கா. தும்பி நம்பிட்டா. அவ்வளவுதான் வித்தியாசம்.”

முப்பது ஆண்டுப் பணியில் மருத்துவர்களுக்கே மறுமொழி சொன்ன பெரியம்மா, துணிப்பையைத் தம் பக்கம் இழுத்தார். பிஸ்கட்டை எடுத்துக் குப்பையில் போட்டுக் கையைக் கழுவினார். போதகரைப் பார்த்துச் செபத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும், கடைசி நாள் ஆகையால் குழந்தை முற்பகல் முழுவதும் தகப்பனோடே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

‘கடைசி நாள்’ என்ற அந்தச் சொல் வீட்டைவிட்டுப் புறப்படவில்லை.

பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் தும்பி துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். ஒரு வீட்டு மதிலில் நத்தை ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு வழிவிட்டு அரை நிமிடம் நின்றாள். கல்தச்சரும் நின்றார். மகள் எதற்காகவெல்லாம் நிற்பாள் என்பது நாளை முதல் தமக்குத் தெரியாமல் போகும் என்று எண்ணினார்.

கல்தச்சரின் தொழிலை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் கல்லறைக் கற்களில் பெயரும் தேதியும் பொறிப்பவர். பத்தொன்பது ஆண்டாக அதே பட்டறை. ‘நம்பிக்கை’ என்ற சொல்லை எத்தனையோ கற்களில் பொறித்திருக்கிறார். அச்சொல்லில் இரண்டு புள்ளி. புள்ளிக்கு மூன்று மில்லிமீட்டர் ஆழம். மனைவி போன பிறகு அவருக்கும் அச்சொல்லுக்கும் இருந்த உறவு அவ்வளவே. ஞாயிறு காலையில் மகளை ஆலய வாசலில் விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்து மதிலில் சாய்ந்துகொண்டு நிற்பார், உள்ளே போகமாட்டார். மூன்று நாள் காய்ச்சல் என்று படுத்தவள், நான்காம் நாள் விடியுமுன் போய்விட்டாள். வேலைக் களைப்பில் அவர் அவளருகிலேயே உறங்கிக்கொண்டிருந்தார். கண் விழித்தபோது அவள் கை சில்லிட்டிருந்தது. ஒரு சொல் சொல்லிக்கொள்ளாமல் போனாளே என்பதும், ஒரு சொல் கேட்க விழித்திருக்கவில்லையே என்பதும் ஓராண்டாக அவரை அரித்துவந்தன.

பட்டறையின் பின்கொட்டகையில் தார்ப்பாயின் கீழே அந்தக் கல் கிடந்தது. மகள் கண்ணில் படாமலே இதுவரை அதை வைத்திருந்தார். இன்று வண்டியில் ஏற்றும்முன் ஒருமுறை துடைத்துப் பார்க்க வேண்டும். தும்பியை வெளியில் நிறுத்த மனம் வரவில்லை. பாயை விலக்கினார்.

ஆறடி நீளம், கன்னங்கரிய பளிங்குப் பளபளப்பு. முகம் பார்க்கலாம்.

மெருகேற்றும் வேலைக்காரர் பெருமையோடு கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கல்லையெல்லாம் கண்ணாடியாக்கும் அந்த மனிதரின் சட்டையில் மட்டும் ஒருநாளும் புழுதி போனதில்லை. ஆகவே பட்டறையில் அவருக்குப் ‘பளபள’ என்று பெயர். தும்பிக்கு அவர் பளபள மாமா.

தும்பி கல்லைச் சுற்றிவந்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, விளிம்பில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். தோளால் தள்ளிப் பார்த்தாள். முகம் சிவந்தது, கல் இருந்த இடத்தில் இருந்தது.

இது எவ்வளவு கனம் என்று கேட்டாள்.

“உன்னை மாதிரிப் பத்துப் பேர்,” என்றார் பளபள. “ஒழுங்காச் சாப்பிட்டேன்னா ஒன்பது பேர் போதும்.”

தும்பி சிரிக்கவில்லை. “அம்மா ஒருத்திதானே மாமா,” என்றாள்.

பளபள, நிறுத்தியிருந்த இயந்திரத்தில் திடீரென்று ஏதோ பழுதைக் கண்டவர்போல அந்தப் பக்கம் போய்விட்டார்.

“அப்பா, அம்மா படுத்துக்கிட்டே இதை எப்படித் தள்ளுவாங்க? எனக்குக் கனமான போர்வையையே தள்ள முடியல.”

கல்தச்சர் துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் நிறுத்தவில்லை. ஞாயிறு வகுப்பில் கேட்டதை எடுத்து வைத்தாள். முதன்முதலில் கல்லறையிலிருந்து எழுந்த ஆண்டவருக்கும் கல்தான் இடையூறாக இருந்ததாம். தூதன் ஒருவன் வந்து புரட்டித் தள்ளினானாம். ஆனால் அன்று இருந்தது ஒரே கல்.

“எல்லாரும் எழுந்திருக்கிற அன்னைக்கு எத்தனை கல்லுப்பா இருக்கும்? நீங்களே எத்தனை செஞ்சிருப்பீங்க?”

“ரெண்டாயிரம் இருக்கும்.”

அவள் அண்ணாந்து அவரைப் பார்த்தாள். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. தகப்பன் தெரியாமல் செய்துவிட்ட ஒரு பிழைக்காக வருந்தும் பார்வை.

“தூதன் பாவம்பா,” என்றாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத நிலைமை மனிதனுக்கு வாழ்க்கையில் சில முறைதான் வாய்க்கும். கல்தச்சர் இரண்டையும் செய்யாமல் கல்லைத் துடைக்கக் குனிந்தார்.

அப்போது தும்பியின் விரல் எழுத்துகளின்மேல் ஊர்ந்தது. அவள் எழுத்துக் கற்றதே இந்தப் பட்டறையில்தான். விரலைப் பள்ளத்தில் விட்டு விட்டுப் படித்தவள். தாயின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தடவி முடித்தாள். தேதிகளை முடித்தாள். அதற்குப் பிறகு விரல் ஓட இடமில்லை. வலப்பாதி முழுவதும் வெறுமை.

இங்கே அந்த வெறுமையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கணவன் மனைவி இருவரில் ஒருவர் முந்திக்கொண்டால், இரட்டைக்கல் போடுவது பட்டறை வழக்கம். இடப்பக்கம் போனவருக்கு; வலப்பக்கம் இருப்பவருக்கு. எத்தனையோ வீட்டாருக்கு அப்படிப் போட்டுப் பழகிய கை அது. மனைவியின் கல்லுக்கு அளவு குறிக்கும்போதும், யாரோ ஒரு வாடிக்கையாளரின் கல்லைப்போல, அந்தக் கை தானாக நடுவில் கோடு போட்டுவிட்டது. உளி பிடிக்க மனம் இல்லாமையால் மணல் பீச்சும் இயந்திரத்தால் பெயரைப் பொறித்தார். இடப்பாதி நிறைந்த பிறகே, வலப்பாதி தமக்குரியது என்பது உறைத்தது. உறைத்தபோது அச்சம் வரவில்லை. ஒருவகை ஆறுதலே வந்தது. அந்த ஆறுதலைத்தான் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

“இந்தப் பக்கம் யாருக்குப்பா?”

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டாயிரம் கல்லில் பொய் தேதி ஒன்றுகூட வெட்டாத மனிதருக்கு அது வரவில்லை.

“எனக்கு.”

தும்பி அந்த வெறுமையின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பளபள மீண்டும் ஓடவிட்ட இயந்திரத்தின் பட்டை சுற்றும் ஓசை கேட்டது. பிறகு, கணக்குப் பாடத்தில் விடை கண்டுவிட்ட குழந்தையைப்போல, அமைதியாகக் கேட்டாள்:

“அதனாலதான் என்னைப் பெரியம்மாகூட அனுப்பறீங்களா?”

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓராண்டாகத் தம் உள்ளத்துக்குத் தாமே காட்டாமல் வைத்திருந்ததை, அரையாள் உயரத்துப் பெண் எடுத்து வெயிலில் வைத்துவிட்டாள். ஆம், பிள்ளைக்கு ஓரிடம் அமைந்துவிட்டால், பிறகு தமக்கென்று இங்கே என்ன என்பதுதான் அந்தத் தலையசைப்பின் முழு வாக்கியம். பெரியம்மா அறியாத பிற்பாதி.

“இல்லடா,” என்று சொல்லத் தொடங்கினார்.

தும்பி அவர் மறுமொழிக்குக் காத்திருக்கவில்லை. கல்லில் குறி போடும் வெள்ளை மெழுகுப் பென்சில் பலகையில் கிடந்தது, அளவுகோலும் கிடந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு கல்லின்மேல் ஏறி மண்டியிட்டாள். நாக்கை ஒரு பக்கம் கடித்துக்கொண்டு, வலப்பாதியில் நீளமாக ஒரு கோடு போட்டாள். அதற்கு இணையாக இன்னொன்று. மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் குறுக்குச் சட்டங்கள்.

“அம்மாவுக்குக் கதவு,” என்றாள். “தள்ள வேண்டாம்ல. திறந்தாப் போதும்.”

மழை வந்தால் பென்சில் அழிந்துபோகும் என்று அவர் சொன்னார். அதற்காகத்தான் தகப்பன் இருக்கிறார் என்னும் முறையில் அவள் உளிப் பெட்டியைக் கண்ணால் காட்டினாள். பிறகு தொழில்முறையில் அவர் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்தது. கேட்ட பிறகே, தாம் கேட்டது அவருக்குத் தெரிந்தது:

“கைப்பிடி எங்கே?”

“அது உள்பக்கம் இருக்குப்பா. வெளியில வெச்சா நாம அவசரப்பட்டுத் திறந்துடுவோம். உள்ள இருந்தா, நேரம் வந்ததும் அம்மாவே திறப்பாங்க.”

போதகர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பேசியும் கல்தச்சருக்குள் இறங்காத ஒன்று, இந்தக் கைப்பிடி வழியே இறங்கிற்று. நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அது அப்படி ஒரே நாளில் வந்து குடியேறும் விருந்தாளி அன்று. ஓராண்டாக இருட்டாக இருந்த அறையில், இங்கே ஒரு கதவு இருக்கக்கூடும் என்று கை தடவிப் பார்த்தது; அவ்வளவே.

உளியை எடுத்தார். தும்பிக்குப் பெரிய கண்ணாடியை மாட்டி, மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, எட்ட உட்காரவைத்தார். சுத்தியல் விழுந்தது. அடிக்கு அடி, ஓராண்டாகப் பேசாதிருந்த கடவுளிடம் மனத்துக்குள்ளே பேசினார். செபம் அன்று; வழக்கு. ‘ஏன் எழுப்பவில்லை? அவளை எழுப்பாவிட்டால் போகிறது. உறங்கிக்கொண்டிருந்த என்னையாவது ஏன் எழுப்பவில்லை?’ மறுமொழி வரவில்லை. ஆயினும், கேட்பதற்கு அங்கே ஒருவர் இருக்கிறார் என்பதுபோலவே அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

பளபள வந்து எட்டிப் பார்த்தார். இரண்டாம் பாதியில் பெயர் பொறிக்க வேறு இடமில்லையே, அண்ணே, என்று தொழிலாளியின் கவலையை மெல்லத் தெரிவித்தார்.

“வேண்டாம்,” என்றார் கல்தச்சர். “எனக்கு இப்போதைக்கு வேலை இருக்கு.”

பளபள வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

தூள் போகத் தும்பி தண்ணீரை ஊற்றினாள். ஊற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள். கொட்டகைக் கூரையின் ஓட்டைவழியே விழுந்த வெயிலில், நனைந்த கருங்கல்லுக்குள்ளே நுண்ணிய பொறிகள் ஆயிரக்கணக்கில் மினுங்கின.

“அப்பா, உள்ளே வானம் இருக்கு.”

கல்லில் அப்படிப் பொறிகள் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவை அதிகம் இருந்தால் எழுத்து எடுப்பாகத் தெரியாது. ஆகவே அது கல்லின் குறை. பத்தொன்பது ஆண்டாக அப்படித்தான் பார்த்திருக்கிறார். நின்றபடி பார்த்தால் தெரியாது என்று தும்பி அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவள் உயரத்துக்கு இறங்குவதற்காக, ஓராண்டாகத் தரையைத் தொடாத முழங்கால்களை அவர் மடக்கினார். கன்னத்தைக் கல்லோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். அவள் சொன்னது உண்மையாக இருந்தது.

அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

இரண்டு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் மூன்று கால் தாங்கியும் சங்கிலிக் கப்பியும் நிறுத்தி, ஆறு பேர் சேர்ந்து கல்லை இறக்கினார்கள். சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக இறங்கும்போதும் தும்பி தகப்பன் விரலை இறுக்கினாள். போதகர் சுருக்கமாகச் செபித்து, வந்திருந்த சிலரோடு கைகுலுக்கிவிட்டுப் போனார். ஆட்களும் கப்பியைக் கழற்றிக்கொண்டு வண்டியேறினார்கள். மூவர் எஞ்சினர்.

பெரியம்மா குடையை மடக்கினார். தங்கையின் பெயரைப் படித்தார். பிறகு அவர் பார்வை வலப்பாதிக்கு வந்தது. பார்த்துக்கொண்டே நின்றார். ஒழுங்கில்லாத எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

“கைப்பிடி இல்லாத கதவு என்ன கதவு, தம்பி?”

கல்தச்சர் மறுமொழி சொல்லுமுன் தும்பி சொன்னாள்: “உள்ள இருக்கு பெரியம்மா.”

பெரியம்மா மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். மூன்றரை. பேருந்து நிலையத்துக்கு நடந்து போகப் பதினைந்து நிமிடம் ஆகும் என்றும், பெட்டி தோட்டக்காரர் அறையில் இருக்கிறது என்றும் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

“அக்கா,” என்றார் கல்தச்சர். “போன வாரம் தலையை ஆட்டிட்டேன். அது தப்பு. தும்பி எங்கயும் வரல.”

“அப்ப வளர்க்கிறது யாரு?”

“நான் அவளை வளர்க்கறதா நெனச்சுக்கிட்டிருந்தேன் அக்கா. இன்னைக்குக் காலையில பார்த்தா, வேற மாதிரி இருக்கு.” சற்று நிறுத்தினார். “அந்த வலது பக்கம் எனக்குன்னு விட்டிருந்தேன். வேணும்னுதான் விட்டிருந்தேன்னு நெனைக்கறேன். இப்ப அங்க இடமில்ல.”

முப்பது ஆண்டு நோயாளிகளின் முகம் பார்த்துப் பழகியவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெரியம்மாவின் கை தானாக உயர்ந்து, அவர் தோளைத் தொடப்போய், தொடாமல் இறங்கிற்று.

அதற்குள் தும்பி துணிப்பையைத் திறந்திருந்தாள். சீப்பையும் சட்டையையும் ஈரமாகிவிடும் என்று பைக்குள்ளேயே விட்டுவிட்டாள். நீலச் செருப்பை மட்டும் எடுத்து, கல்லில் வெட்டிய கதவின் கீழ்விளிம்பில், இரண்டையும் சேர்த்து வைத்தாள். வீட்டுக்குள் நுழைகிறவர்கள் கழற்றிவிட்ட செருப்பைப்போல, அவற்றின் முனை கதவைப் பார்த்திருந்தது.

பெரியம்மா அதைப் பார்த்தார். இங்கே வைத்தால் நாய் தூக்கிப் போய்விடும் என்பார், அல்லது இதெல்லாம் எதற்கு என்பார் என்று கல்தச்சர் எண்ணினார்.

பெரியம்மா குனிந்தார். மூட்டுவலி உள்ளவர், ஆகவே மெதுவாகத்தான் குனிந்தார். செருப்பிரண்டையும் எடுத்துத் திருப்பி, முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்தார். ஒன்றோடொன்று ஒட்டுமாறு, விரிப்பின் மூலையைச் சரிசெய்வதுபோலச் சரிசெய்தார்.

“வெளிய வர்றவங்களுக்கு இப்படித்தான் வைக்கணும்,” என்றார். “அப்பத்தான் கால் நேரா நுழையும்.”

சொல்லி முடித்த பிறகு அவரால் நிமிர முடியவில்லை. கல்லின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஓராண்டாக யாரும் கண்டிராத அழுகை, அவருடைய தோள்களிலிருந்து தொடங்கிற்று. ஓசையே இல்லை. தும்பி அவர் அருகில் போய் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. எப்போதும் ஏதாவது கேட்பவளுக்கு, எப்போது கேட்கக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது.

அழுகை ஓய்ந்தபின் பெரியம்மா பேசினார். குரல் தரையோடு இருந்தது.

“தம்பி, அன்னைக்கு ராத்திரி அவ எனக்குப் போன் பண்ணினா.”

கல்தச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு தடவை அடிச்சிருக்கா. சத்தத்தைக் குறைச்சு வெச்சிருந்தேன்; கேட்கல. மூணாவது தடவை எடுத்தேன். மூச்சு ஒரு மாதிரி இருக்கு அக்கான்னா. நான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்த அசதி. காலையில பார்த்துக்கலாம், தூங்குன்னு சொல்லிட்டேன்.” கைப்பையின் வாரை விரல்கள் முறுக்கின. “உங்களை எழுப்பச் சொன்னேன். மாட்டேன்னுட்டா. ஏன்னு கேட்டேன். அதுக்கு அவ ஒண்ணு சொன்னா. உங்களுக்குன்னு சொன்ன வார்த்தை அது. ஒரு வருஷமா என்கிட்டயே வெச்சிருக்கேன்.”

ஒரு சொல்கூடச் சொல்லாமல் போனாள் என்று ஓராண்டாக நம்பியிருந்த மனிதர், கல்லின் மறுஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். நடுவில் தும்பியும் செருப்பும் இருந்தன.

மதிலுக்கு அப்பால், நான்கு மணிப் பேருந்து ஒலியெழுப்பிக்கொண்டு முனை திரும்பிற்று. மூவரில் ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“சொல்லுங்க அக்கா,” என்றார் அவர்.